ரோட்டுல குடித்தனம் பண்ணப் போற தம்பிக்கு: அந்த மனைய மட்டும் விக்காதீங்க

கேள்வி: மேடம், எனக்கு பாலக்கோடு பக்கம், வயசு 31. வெப்சைட் டிசைன், கோடிங் வேலை வீட்லேருந்தே செய்யறேன். அமெரிக்காவுல ஒரு கிளையண்ட், பெங்களூர்ல ஒரு கம்பெனி, ரெண்டும் சேத்து மாசம் 95,000 வருது. மனைவி தினமும் சாயந்திரம் 5லேருந்து 7 வரைக்கும் ஆன்லைன்ல கணக்கு டியூஷன் எடுக்கறாங்க, அதுல ஒரு 15,000. குழந்தை இன்னும் இல்ல. பழைய டெம்போ டிராவலர் ஒண்ணு வாங்கி உள்ள படுக்கை, கிச்சன் எல்லாம் வச்சு, வாடகை வீட்டக் காலி பண்ணிட்டு முழு நேரமும் இந்தியா பூரா சுத்திக்கிட்டே வேலை பாக்கலாம்னு ரெண்டு வருஷமா ஆசை. வண்டி 7 லட்சம், மாத்தறதுக்கு 6 லட்சம் ஆகும். கையில 3 லட்சம்தான் இருக்கு, மீதிக்கு அப்பா பேர்ல இருக்கற 3 சென்ட் மனைய வித்துடலாம்னு பாக்கறேன். அப்பா 27 வருஷம் லாரி ஓட்டினவர், "ரோட்டுல படுக்கறதெல்லாம் ஒரு பொழப்பாடா"ன்னு ஒத்துக்கவே மாட்டேங்கறார். மனைவிக்கு சம்மதம்தான். வீட்டு வாடகை மிச்சம், டீசல் செலவ வரியில கழிச்சுக்கலாம், கணக்கு சரியா வருமா? ரெண்டாவது வருஷம் தாய்லாந்து போய் இதே மாதிரி இருக்கலாம்னும் ஒரு ஐடியா. என்னென்ன பாக்கணும்னு சொல்லுங்க.

பதில்:

தம்பி, உங்க கடிதத்த ரெண்டு தடவை படிச்சேன். கிருஷ்ணகிரியில வரிக் கணக்கு பாக்க ஆரம்பிச்சு 22 வருஷம் ஆச்சு, வர்றவங்கள்ல பாதிப் பேர் லாரி வச்சிருக்கறவங்க, ரிக் வண்டி வச்சிருக்கறவங்க, மாங்கூழ் பேக்டரிக்கு லோடு அடிக்கறவங்கன்னு ரோட்டையே நம்பி இருக்கறவங்கதான், அதனால ரோட்டுல வாழறதுக்கு என்ன செலவாகும்னு பில்லு வழியாவே எனக்கு நல்லாத் தெரியும். இந்த அஞ்சாறு வருஷமா உங்கள மாதிரி லேப்டாப்ப தூக்கிக்கிட்டு ஊர் ஊரா இருக்கற பசங்க கணக்கும் வருது. அதனால போகாதீங்கன்னு நான் சொல்லப் போறதில்ல, தாராளமாப் போங்க, 31 வயசுல போகாம எப்ப போறது. ஆனா மனைய வித்துட்டுப் போகாதீங்க. அப்புறம் வண்டிய பத்தி யோசிக்கறதுக்கு முன்னாடி, ஒரு மாசத்துல உங்களால எத்தனை நாள் வேலை செய்ய முடியும்னு யோசிங்க. இந்த ரெண்டும்தான் நான் சொல்ல வர்றது, மத்ததெல்லாம் இதுக்குள்ள அடக்கம்.

முதல்ல வேலை நாள் கணக்கு, ஏன்னா எல்லாரும் தடுக்கி விழற இடம் இதுதான்.

காவேரிப்பட்டினம் பக்கத்துல ஒரு பையன், வீடியோ எடிட்டிங் பண்றவர், என்கிட்டதான் ரிட்டர்ன் போடறார். வீட்ல இருந்தப்ப மாசம் 80,000 பில் போட்டுக்கிட்டு இருந்தார். ஒரு மார்ச் மாசம் ஆம்னி வேன்ல பின் சீட்ட கழட்டி பெட்டு போட்டுக்கிட்டு கிளம்பிட்டார். அவர்கிட்ட ஒரு நல்ல பழக்கம், ஒரு லாங் சைஸ் நோட்டுல ஓட்டினது, வேலை, மத்ததுன்னு மூணு கட்டம் போட்டு தினமும் எழுதி வச்சிருந்தார், கணக்கு குடுக்க வந்தப்ப அந்த நோட்டையும் சேத்து மேஜை மேல வச்சார். பேனா மை ஈரத்துல ஊறிப் போன ஒரு பக்கம் இன்னும் ஞாபகம் இருக்கு, "9ந் தேதி, 310 கிமீ, கர்னூல் தாண்டி பங்க்ல படுத்தேன், வேலை 1 மணி நேரம், சார்ஜ் இல்ல". அடுத்த வரி "10ந் தேதி, பேட்டரிக் கடை தேடினேன், வேலை இல்ல". நானும் அவரும் உக்காந்து கூட்டிப் பாத்தோம். 31 நாள்ல முழுசா வேலை செஞ்சது 11 நாள், அரை நாள் மாதிரி செஞ்சது 7, ஒண்ணுமே செய்யாதது 13. அந்த மாசம் பில் போட்டது 46,000. அவர் சோம்பேறி எல்லாம் இல்ல தம்பி, ரொம்பப் பொறுப்பான பையன். ஓட்டற அன்னைக்கு உடம்பு வேலைக்கு ஒத்துழைக்காது, தண்ணி பிடிக்க ஒரு மணி நேரம், துணி துவைக்க ஒரு அரை நாள், ராத்திரி வண்டிய எங்க விடறதுன்னு தேடறது ஒரு மணி நேரம், இப்படி நாள் போயிடுது, வீட்ல இருக்கறப்ப இதெல்லாம் கணக்குலயே வராத வேலைங்க.

அந்தப் பையன் விட்டுட்டு ஊருக்கு வந்துடல. முறைய மாத்திக்கிட்டார். ஒரு ஊருக்குப் போனா குறைஞ்சது 4 வாரம் அங்கயே இருக்கார், மாச வாடகைக்கு ஒரு ரூம், நல்ல நெட் இருக்கான்னு முதல்லயே கேட்டுட்டுப் போறார், வர்க்கலா, மைசூர், ரிஷிகேஷ்னு இருந்திருக்கார், சனி ஞாயிறு மட்டும் சுத்தறது. இப்ப பழைய 80,000 திரும்ப வந்துடுச்சு. ரோட்டுல முழு நேரம் வாழறவங்கள்ல நீடிச்சு நிக்கறவங்க எல்லாருமே கடைசில இந்த மெதுவாப் போற வழிக்குத்தான் வந்து சேர்றாங்கன்னு என் அனுபவத்துல பாக்கறேன், அதனால நீங்க அந்த 13 நாள இழக்காம முதல்லயே இந்த வழிய எடுத்துக்கலாம்.

உங்க வீட்ல இது இன்னும் கஷ்டம், ஏன்னா உங்க ரெண்டு பேர் வேலை நேரமும் சாயந்திரத்துலதான் வந்து மோதுது. மனைவிக்கு 5 மணிக்கு கிளாஸ். அமெரிக்கா கிளையண்ட்னா உங்களுக்கு மீட்டிங் எல்லாம் ராத்திரிலதான் இருக்கும். ஆறரைக்கு இருட்டிடுது. வண்டியில போறவங்க பாதுகாப்பான இடம் பாத்து ஒதுங்கற நேரம் அந்த 4லேருந்து 6தான், லாரிக்காரங்கள கேட்டா சொல்வாங்க. அப்ப நீங்க 4 மணிக்குள்ள இடம் பிடிச்சு, சிக்னல் பாத்து, கிளாஸுக்கு சத்தமில்லாத மூலை பாத்து உக்காரணும், அதாவது ஓட்டறதுக்குன்னு காலைல நாலஞ்சு மணி நேரம்தான் கிடைக்கும். தினமும் ஓட்டினா ரெண்டே வாரத்துல ரெண்டு பேரும் வெடிச்சுப் போயிடுவீங்க. ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை, கிளாஸுக்கு லீவு விட்டுட்டு ஒரு ஞாயித்துக்கிழமைல மட்டும் ஓட்டறதுன்னு வச்சுக்கிட்டா அதே வாழ்க்கை நல்லா இருக்கும்.

சரி, வாடகை மிச்சம்னு சொன்னீங்க. பாலக்கோட்டுல ரெண்டு ரூம் வீட்டுக்கு நீங்க எவ்வளவு குடுக்கறீங்கன்னு எழுதல, ஒரு 6,000, 7,000 இருக்கும்னு வைக்கறேன். இப்ப டீசலப் பாருங்க. மாசம் 1,500 கிமீ மட்டும்தான் ஓட்டறீங்க, லிட்டருக்கு 10 கிமீ குடுக்குது, லிட்டர் 92 ரூபான்னு வச்சா 150 லிட்டர், 13,800 ரூபா. இதுலயே ரெண்டு வீட்டு வாடகை போயிடுச்சு. இது போக டோல், இன்சூரன்ஸ், சர்வீஸ், டயருக்குன்னு மாசா மாசம் எடுத்து வைக்க வேண்டியது, ரெண்டு சிம்முக்கு நெட், மழையிலயோ காய்ச்சல்லயோ லாட்ஜ்ல தங்கற நாலஞ்சு ராத்திரி, துணி லாண்டரின்னு எழுதிக் கூட்டுங்க, 30,000ஐ சாதாரணமா தாண்டும், சாப்பாடு இன்னும் வரல. இத பயமுறுத்தறதுக்கு சொல்லல. உங்க 1,10,000ல இது தாங்கும். ஆனா 1,10,000 அப்படியே வந்தாத்தான் தாங்கும், அந்த நோட்டுல பாத்த மாதிரி பாதியாச்சுன்னா தாங்காது.

டோல் விஷயத்துல ஒண்ணு கவனிங்க. 2025 ஆகஸ்ட் 15லேருந்து ஃபாஸ்டேக் வருஷ பாஸ் வந்திருக்கு (வந்தப்ப விலை 3,000 ரூபா), 200 தடவை இல்லன்னா ஒரு வருஷம், எது முதல்ல முடியுதோ அதுவரைக்கும். நேஷனல் ஹைவேஸ் டோல்ல மட்டும்தான் செல்லும், அதுவும் சொந்த உபயோகத்துல இருக்கற கார், ஜீப், வேனுக்கு மட்டும். எல்லோ போர்டு வண்டிக்கு கிடையாது. டெம்போ டிராவலர் மினி பஸ் வகையில வந்தாலும் கிடைக்காது. அதனால இந்த பாஸ நம்பி கணக்கு போடாம ஆர்சியில வண்டி எந்த வகைன்னு இருக்குன்னு முதல்ல பாருங்க.

ஆர்சி பேச்சு வந்ததுனால இதையும் சொல்லிடறேன், இதுலதான் நிறைய பேர் பணத்த விடறாங்க. பழைய டெம்போ டிராவலர்னு விலைக்கு வர்றது பெரும்பாலும் டூரிஸ்ட் ஓட்டின எல்லோ போர்டுதான். பெர்மிட் சரண்டர் பண்ணி, பாக்கி வரி கட்டி, சொந்த உபயோகத்துக்கு மாத்தணும். அடுத்து உள்ள படுக்கை, அடுப்பு எல்லாம் வச்சு வீடா மாத்தறது மோட்டார் வாகனச் சட்டம் 1988ல 52வது பிரிவு கீழ வருது, ஆர்டிஓ அனுமதி வாங்கி, ஆர்சியில மாத்தி எழுதி வாங்கணும், கேரவன்னு பதிவாகணும்னா அதுக்குன்னு ஏஐஎஸ் 124னு தர அளவு இருக்கு, அதுபடி செஞ்சு தர்ற இடத்துலதான் செய்யணும். அனுமதி இல்லாம மாத்தினா ஒவ்வொரு மாத்தத்துக்கும் 5,000 ரூபா அபராதமோ 6 மாசம் வரைக்கும் ஜெயிலோ விதிக்கலாம்னு சட்டத்துல இருக்கு. அபராதம்கூட கட்டிடலாம் தம்பி, இன்சூரன்ஸ்தான் பெரிய அடி. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் பட்டறையில குடுத்து பிளைவுட் அடிச்சு, சீட்டெல்லாம் எடுத்துட்டு ஓட்டிக்கிட்டு இருந்தார், ஆர்சியில எதுவும் மாத்தல. வண்டி ஒயர் ஷார்ட் ஆகி எரிஞ்சுபோச்சு. வந்து பாத்த சர்வேயர் ஆர்சிய பாத்தார், வண்டிய பாத்தார், ரெண்டும் வேறன்னு எழுதிட்டார், கிளைம் நின்னுபோச்சு. 9 லட்சம். அந்த 6 லட்சம் எஸ்டிமேட் குடுத்தவங்ககிட்ட ஒரே கேள்வி கேளுங்க, முடிச்சுக் குடுக்கறப்ப ஆர்சியில கேரவன்னு ஏத்திக் குடுப்பீங்களான்னு. இழுத்தா வேற இடம் பாருங்க.

இன்னொண்ணு, தமிழ்நாட்டு வண்டிய வேற ஒரு மாநிலத்துல தொடர்ந்து 12 மாசத்துக்கு மேல வச்சிருந்தா அங்க மறுபதிவு பண்ணணும். நீங்க மாநிலம் மாநிலமா மாறிக்கிட்டே இருந்தா இது வராது, ஆனா எந்த மாநிலத்துக்குள்ள எப்ப நுழைஞ்சீங்கன்னு காட்ட டோல் ரசீது, டீசல் பில்ல அழிக்காம வச்சுக்கங்க.

இப்ப வரி. மனசு நிம்மதியா இருங்க, இதுல உங்களுக்கு கவலையே இல்ல. வருஷம் உங்களுக்கு 11,40,000 வருது. ஐடி தொழில் செய்யறவங்க 44ஏடிஏன்னு நாங்க இத்தனை வருஷமா சொல்லிக்கிட்டு இருக்கற முறையில (2026 ஏப்ரல் 1லேருந்து புதுச் சட்டம் வந்து பிரிவு எண் எல்லாம் மாறுது, முறை அதேதான்) வந்த தொகையில குறைஞ்சது பாதிய லாபம்னு காட்டினாப் போதும், கணக்குப் புத்தகம் எழுத வேண்டியதில்ல. அப்ப உங்க வருமானம் 5,70,000. புது வரி முறையில 12 லட்சம் வரைக்கும் தள்ளுபடி இருக்கறதுனால வரி பூஜ்யம். பெங்களூர் கம்பெனி முன்கூட்டியே பிடிச்ச வரி, அதாவது டிடிஎஸ், ரிட்டர்ன் போட்டா திரும்ப வந்துடும். அதனால டீசலக் கழிக்கலாமான்னு கேட்டதுக்கு பதில், தனியாக் கழிக்க முடியாது, அந்த விட்டுட்ட பாதிக்குள்ளயே டீசல், டயர், லேப்டாப் தேய்மானம் எல்லாம் அடங்கிடுச்சுன்னு அர்த்தம், ஆனா வரியே இல்லாதப்ப கழிச்சு என்ன ஆகப் போகுது. டீசல் செலவு பண்ணினா வரி மிச்சம்னு யாராவது சொன்னாங்கன்னா அது உங்க கேஸுக்குப் பொருந்தாது, அந்த நினைப்புல வண்டி வாங்காதீங்க. ஜிஎஸ்டியும் வருஷம் 20 லட்சம் தாண்டினாத்தான். அமெரிக்காலேருந்து வர்ற பணத்துக்கு பேங்க் தர்ற வரவுச் சான்று மட்டும் ஒவ்வொரு தடவையும் டவுன்லோடு பண்ணி வைங்க, பின்னாடி எதுக்குமே அதத்தான் கேப்பாங்க. மனைவிக்கு வரி வராது, இருந்தாலும் அவங்க பேர்லயும் ரிட்டர்ன் போடுங்க, அவங்களுக்குன்னு ஒரு வருமான ஆதாரம் எழுத்துல இருக்கணும்.

சரி, மனை.

அப்பா பேர்ல இருக்கற மனைய வித்தா லாபம் அவர் கணக்குலதான் வரும். நீண்டகால மூலதன லாபத்துக்கு வரி 12.5 சதவீதம், 2024 ஜூலை 23க்கு முன்னாடி வாங்கினதுன்னா விலைவாசி ஏத்தம் சேத்து 20 சதவீதம்ங்கற பழைய கணக்கையும் போட்டுப் பாத்து எது கம்மியோ அத எடுத்துக்கலாம். அவருக்கு வேற வருமானம் இல்லன்னா வரி கொஞ்சமாத்தான் வரும், அது பெரிய விஷயம் இல்ல. அந்தப் பணத்துல வீடு வாங்கினா விலக்கு உண்டு, ஆனா உங்க வண்டிக்குள்ள கட்டில், அடுப்பு, அலமாரி என்ன இருந்தாலும் சட்டத்துக்கு அது வீடு கிடையாது, விலக்கு வராது.

வரிய விடுங்க. 27 வருஷம் லாரி ஓட்டி 3 சென்ட் மனை வாங்கறதுன்னா என்னன்னு எனக்குத் தெரியும், என்கிட்ட வர்ற டிரைவருங்க கணக்க பாத்துத்தான் சொல்றேன். ராத்திரி பேட்டா 100 ரூபா, 200 ரூபாய மிச்சம் பிடிக்க ஹோட்டல்ல படுக்காம கேபின்ல படுத்து, டீக்கு பதிலா தண்ணி குடிச்சு சேத்தது அது. அத வித்து வண்டி வாங்கினா, வாங்கின அன்னைலேருந்து வண்டி விலை இறங்கும், மனை விலை ஏறும், நாலு வருஷம் கழிச்சு பாலக்கோட்டுல அதே இடத்த நீங்க வாங்க முடியாது. அத விட முக்கியம், இப்ப வாடகை வீட்ட காலி பண்ணிட்டா உங்க பேர்ல ஊர்ல ஒரு விலாசமே இல்லாமப் போயிடுது. ஆதார், பான், பேங்க் கேஒய்சி, ஓட்டர் லிஸ்ட், வண்டி ஆர்சி, இன்சூரன்ஸ், நாளைக்கு வருமானம் கூடி ஜிஎஸ்டி எடுக்கணும்னா தொழில் நடக்கற இடம், எல்லாமே ஒரு கதவு நம்பர கேக்குது. விலாசம் இல்லாதவங்களுக்கு என்ன ஆகும்னா, பேங்க்ல கேஒய்சி கேட்டு லெட்டர் போட்டிருப்பான், அது காலி பண்ணின வீட்டுக்குப் போகும், யாரும் வாங்க மாட்டாங்க, ஒரு நாள் எங்கயோ பங்க்ல நிக்கறப்ப அக்கவுண்ட் முடங்கியிருக்கும். இது எங்க கிளையண்ட் ஒருத்தருக்கு நடந்துச்சு, நாக்பூர்ல நின்னுக்கிட்டு போன் பண்ணினார், மூணு நாள் கழிச்சுத்தான் சரியாச்சு, அதுவரைக்கும் அவர் அண்ணன் பணம் அனுப்பினார்.

அதனால அப்பா வீட்டு விலாசத்த எல்லாத்துலயும் நிரந்தர விலாசமா வச்சுக்கங்க. வாடகை வீட்ட காலி பண்றதுக்கு முன்னாடி ஆதார்லேருந்து ஆரம்பிச்சு ஒவ்வொண்ணா மாத்துங்க, ஆதார் மாறினா மத்தது சுலபம். ஓட்டர் லிஸ்ட்ல, தற்காலிகமா வெளியூர் போயிருக்கறதாலயே ஒருத்தர் அந்த ஊர்க்காரர் இல்லன்னு ஆயிட மாட்டார்னு சட்டமே சொல்லுது, ஆனா சரிபார்க்க வர்றப்ப வீட்ல பதில் சொல்ல ஆள் இருக்கணும், அப்பாகிட்ட சொல்லி வைங்க. ஓடிபி வர்ற சிம்ம எக்காரணத்துக்காகவும் ரீசார்ஜ் பண்ணாம விட்டுடாதீங்க. காஷ்மீர் போறதா இருந்தா அத போஸ்ட்பெய்டா மாத்திக்கங்க, வெளிமாநில ப்ரீபெய்டு சிம் அங்க எடுக்காது, எடுக்காதுன்னா பேங்க் ஓடிபியும் வராது.

வண்டியே வேணும்னா மனைய விக்காம ஒரு வழி இருக்கு. அந்த 3 லட்சத்த தொடாதீங்க, அது ஆறு மாசச் செலவு, உடம்புக்கோ வேலைக்கோ ஒண்ணு ஆச்சுன்னா அதுதான். இப்பவே மாசம் 35,000 தனியா எடுத்து வைங்க, ஒரு வருஷத்துல 4 லட்சத்துக்கு மேல வந்துடும், அதுல ஒரு நல்ல செகண்ட் ஹேண்ட் காரோ மாருதி ஈக்கோ வேனோ வாங்கலாம், வெள்ளை போர்டு, டோல் பாஸ் கிடைக்கும், லிட்டருக்கு மைலேஜும் கூட வரும், ஊருக்கு ஊர் மாசவாடகை ரூம்ல தங்கிக்கிட்டு போறதுக்கு மட்டும் வண்டி. ரெண்டு வருஷம் இப்படி இருந்து பாத்துட்டு அப்பவும் டெம்போ டிராவலர்தான்னு தோணினா அப்ப உங்க சொந்தக் காசுல வாங்குங்க. கேரளாவுல 2021லயே கேரவன் டூரிசத்துக்குன்னு அரசாங்கமே கொள்கை கொண்டு வந்து வண்டிய நிறுத்த பார்க் எல்லாம் வந்திருக்கு, அங்க வாடகைக்கு ஒரு கேரவன் எடுத்து நாலு நாள் படுத்துப் பாருங்க, ஏப்ரல் மாசத்துல படுத்துப் பாருங்க. ராத்திரி ஏசி ஓடணும்னா எட்டு மணி நேரத்துக்கு ஏழெட்டு யூனிட் வேணும், 12 வோல்ட், 100 ஆம்பியர்-அவர் லித்தியம் பேட்டரில மொத்தமே ஒண்ணேகால் யூனிட்தான், லேப்டாப், ஃபேன், லைட்டுக்கு அது தாராளம், ஏசிக்கு நடக்கவே நடக்காது. இன்ஜின ஓடவிட்டு ஏசி போட்டுக்கிட்டு மட்டும் தூங்காதீங்க, அடுப்பு பத்த வச்சா கதவு ஜன்னல தொறந்து வைங்க, மூடின வண்டிக்குள்ள கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாம ஆளக் கொன்னுடும்.

மெடிக்கல் இன்சூரன்ஸ் கிளம்பறதுக்கு முன்னாடி எடுங்க, எடுத்த முதல் 30 நாள் விபத்து தவிர எதுக்கும் கிளைம் கிடையாது, ஏற்கனவே இருக்கற வியாதிக்கு 3 வருஷம் வரைக்கும் காத்திருக்கணும், உள்ளத மறைக்காம எழுதுங்க. 2025 செப்டம்பர் 22லேருந்து தனிநபர் பாலிசிக்கு ஜிஎஸ்டியும் இல்ல. வயசு கம்மியா இருக்கறப்ப எடுத்தா பிரீமியமும் கம்மி.

தாய்லாந்து பத்தி சுருக்கமா. டூரிஸ்ட்டா போய் உக்காந்து மாசக்கணக்குல வேலை பாக்கறதுக்கு போகாதீங்க. 2024 ஜூலைலேருந்து வெளிநாட்டு வேலைய அங்கேருந்தே ஆன்லைன்ல பாக்கறவங்களுக்கும் ஆகற மாதிரி டிடிவின்னு ஒரு விசா அங்க இருக்கு, 5 வருஷம் செல்லும், ஒவ்வொரு தடவையும் 180 நாள் தங்கலாம், ஆனா 5 லட்சம் பாட் கையிருப்பு காட்டணும், நம்ம காசுல 10 லட்சத்துக்கு மேல. ரெண்டு வருஷம் ஒழுங்கா ரிட்டர்ன் போட்டு, சேமிப்பு வச்சுக்கிட்டு அப்புறம் பேசலாம்.

இப்ப அப்பா. "ரோட்டுல படுக்கறதெல்லாம் ஒரு பொழப்பாடா"ன்னு அவர் சொன்னத நீங்க தடையா எழுதியிருக்கீங்க, நான் அப்படிப் படிக்கல. உங்க வீட்லயே இந்த விஷயத்துல 27 வருஷ அனுபவம் உள்ள ஆள் ஒருத்தர் இருக்கார், உங்களுக்கு என்னை விட அவர்தான் சரியான ஆலோசகர். எந்த பங்க்ல லைட் இருக்கும், எங்க நிறுத்தினா டீசல் திருடுவான், எந்த தாபாவுல குடும்பத்தோட படுக்கலாம், தூக்கம் வர்றதுக்கு முன்னாடி கண்ணு என்ன பண்ணும், இதெல்லாம் அவருக்குத் தெரியும், எந்த வீடியோவுலயும் இது கிடைக்காது. தொப்பூர் கணவாயில சேலம் பக்கம் இறங்கறப்ப டீசல மிச்சம் பிடிக்க நியூட்ரல்ல விட்டவங்க கதி என்ன ஆச்சுன்னு அவர் கண்ணால பாத்திருப்பார், கேளுங்க. ரெண்டு டன் வீட்ட முதுகுல ஏத்திக்கிட்டு அதே இறக்கத்துல நீங்க கியர்ல எப்படி இறக்கணும், பிரேக் சூடாகிறத எப்படி மூக்காலயே கண்டுபிடிக்கறதுன்னு அவர்கிட்ட ஒரு நாள் உக்காந்து கத்துக்கங்க. கிருஷ்ணகிரிலேருந்து டெல்லிக்கு 44ஆம் நம்பர் நேஷனல் ஹைவேஸ்ல ஹைதராபாத், நாக்பூர் வழியாவும் போகலாம், 48ல புனே, ஜெய்ப்பூர் வழியாவும் போகலாம், நீங்க மேப்ல பாக்கறீங்க, அவர் ரெண்டுலயும் எத்தனை தடவை போயிருப்பாரோ. முதல் பயணத்துல அவரையும் ஒரு வாரம் கூட்டிக்கிட்டுப் போங்க, லோடு இல்லாம, டைமுக்கு இறக்கணும்ங்கற பயம் இல்லாம அவர் அந்த ரோட்டுல போனதே இல்லையே.

கடைசியா உங்க மனைவி. முழு கடிதத்துல அவங்களப் பத்தி ரெண்டே விஷயம்தான் இருக்கு, டியூஷன் எடுக்கறாங்க, சம்மதம்தான். அந்த "தான்" என்னை கொஞ்சம் உறுத்துது தம்பி, பொம்பளையா நான் கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு பாத்ரூம் போகணும்னா அவங்க எங்க போவாங்க? மாசத்துல அந்த நாலு நாள் எப்படி? நீண்ட தூரம் போற பொம்பளைங்க நல்ல கக்கூஸ் இல்லன்னு தண்ணியே குடிக்காம இருந்து யூரின் இன்ஃபெக்‌ஷன் வாங்கிக்கறத நான் எங்க வீட்லயே பாத்திருக்கேன். கேமராவுல இருபது பிள்ளைங்க முன்னாடி பாடம் எடுக்கறவங்களுக்கு பின்னாடி ஒரு வெள்ளைச் சுவராவது வேணும். ரெண்டு பேருக்கும் சண்டை வந்தா, வராம இருக்காது, இன்னொரு ரூம் இல்லாத இடத்துல அவங்க எங்க போய் உக்காருவாங்க? இதெல்லாம் கேட்டு அவங்க சரின்னு சொன்னா அது சம்மதம். அவங்களுக்கு ஊருக்குத் திரும்பணும்னு தோணினா, யாரையும் கேக்காம டிக்கெட் போடற அளவுக்கு அவங்க பேர்ல இருக்கற அக்கவுண்ட்ல எப்பவும் 25,000 இருக்கட்டும்.

அடுத்த மாசம் வண்டி எதுவும் வாங்காம, ரெண்டு பேக் மட்டும் எடுத்துக்கிட்டு, பஸ்லயோ ட்ரெயின்லயோ ஏதாவது ஒரு ஊருக்குப் போய் 28 நாள் மாசவாடகைக்கு இருந்து, இப்ப செய்யற அதே வேலைய அதே நேரத்துல செய்யுங்க. ஒரு லாங் சைஸ் நோட்டு வாங்கிக்கங்க. ஒரு பக்கம் நீங்க எழுதுங்க, எதிர்ப்பக்கம் உங்க மனைவி அவங்க கையால எழுதட்டும், ஒருத்தர் எழுதினத இன்னொருத்தர் மாசம் முடியற வரைக்கும் பாக்க வேண்டாம். திரும்பி வந்ததும் அந்த நோட்ட எடுத்துக்கிட்டு மூணு பேரும் வாங்க, அப்பாவையும் சேத்துத்தான் சொல்றேன், உக்காந்து கூட்டிப் பாக்கலாம். மனைப் பத்திரம் வேண்டாம், அது பீரோவுலயே இருக்கட்டும்.